சர்வர் டவுன்: கும்பகோணத்து வங்கியும் நின்றுபோன பிரின்டரும்

தஞ்சை ஜில்லாவில் நம் வயதுக்காரர்களுக்கு ‘சர்வர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருபவர், தோளில் துண்டோடு வந்து ‘என்ன சார் வேணும்?’ என்று கேட்பவர்தான். இப்போது அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் ‘சர்வர் இல்லை’ என்கிறார்கள். பத்திரப் பதிவுக்குப் போனால் ‘சர்வர் ஸ்லோவா இருக்கு’ என்கிறார்கள். மாத முதல் தேதியில் பென்ஷன் எடுக்க வங்கிக்குப் போனால், ‘சர்வர் டவுன், சாப்பிட்டுட்டு மத்தியானம் வாங்க ஐயா’ என்கிறார்கள். நாமும் குடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது, ஏன் டவுன் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஐப்பசி மழையைப் போல அதையும் இயற்கையின் செயலாக ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

‘ஏதோ நெட்வொர்க் கோளாறு’ என்று முதலில் நினைக்கப்பட்ட ஒரு விஷயத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 12 கோடி ரூபாய்த் திருட்டு ஒளிந்திருந்த சம்பவம் ஒன்று உண்டு. நடந்தது 2018 பிப்ரவரியில். திருடர்கள் கைவைத்தது, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில். நான் வேலை பார்த்தது வேறொரு வங்கியில் என்றாலும், இந்த டெல்டாவிலேயே கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவன் என்பதால் அந்தச் செய்தி என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கும்பகோணம் பேங்க்

1904 அக்டோபர் 31-ஆம் தேதி ‘தி கும்பகோணம் பேங்க் லிமிடெட்’ பதிவானது. காவிரிக்கரையில் நெல்லும் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் பட்டும் புழங்கிய ஊர் அது. கையில் காசு புரள்கிற மிராசுதார்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் இருந்தார்கள். அந்தக் காசைப் பத்திரமாக வைக்கவும், விதைப்புக்கும் வியாபாரத்துக்கும் கடன் வாங்கவும் ஊருக்குள்ளேயே ஓர் இடம் தேவைப்பட்டது.

இரண்டே வருடத்தில், 1906 அக்டோபரில், சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. தென்னிந்தியா முழுவதும் பல ஆயிரம் குடும்பங்களின் சேமிப்பு அதில் போயிற்று. அந்த அடியில் இருந்து பிறந்ததுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. அதற்கு முன்னின்றவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் திருவிடைமருதூர்க்காரர். பிறத்தியாரை நம்பிப் பணத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி மக்கள் மிகச் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள்.

கும்பகோணம் பேங்க் அவசரப்படாமல் வளர்ந்தது. முதல் கிளை 1930-இல் மன்னார்குடியில். பிறகு நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மாயவரம், பொறையார் என்று பரவியது. ரயில் நின்ற ஊரும் நெல் மண்டி இருந்த ஊரும்தான் பெரும்பாலும். 1965-இல் சிட்டி ஃபார்வர்டு பேங்க், யூனியன் பேங்க் என்ற இரண்டு சிறிய வங்கிகள் இதனோடு சேர்ந்தன. அதனால் ‘கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க்’ ஆயிற்று. 1987-இல் பெயரில் இருந்த கும்பகோணம் போய், ‘சிட்டி யூனியன் பேங்க்’ மட்டும் நின்றது. ஆனால் தலைமை அலுவலகம் கும்பகோணத்தை விட்டுப் போகவில்லை.

தகவல் ஒரு வழி, உறுதி மறு வழி

கிளை என்று ஒன்று வந்தவுடனே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. மன்னார்குடியில் கட்டிய பணத்தைக் கும்பகோணத்தில் கொடுக்கச் சொல்லித் தகவல் வந்தால், அது உண்மையான தகவல்தானா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி கம்ப்யூட்டருக்கும் தந்திக்கும் முந்தையது. பழைய உண்டியல் வியாபாரத்தில் ‘ஜவாபி உண்டி’ என்று ஒரு வகை உண்டு. பணம் பெற்றுக்கொண்டவர் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஜவாப் அனுப்பியவர் கைக்குத் திரும்பி வந்தால்தான் கணக்கு முடிந்ததாக அர்த்தம்.

தந்தி வந்த பிறகும் இதே ஏற்பாடுதான். டி.டி. என்ற டிராஃப்டைப் பலருக்கும் தெரியும். டி.டி.க்கு அண்ணன் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர். அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டுமானால் வங்கி, எதிர்க்கிளைக்குத் தந்தி கொடுக்கும். அந்தத் தந்தியில் தொகையோடு ஒரு ரகசிய எண்ணும் இருக்கும். எதிர்க்கிளையில் பூட்டி வைத்திருக்கும் கோடு புத்தகத்தை அதிகாரி எடுத்து, தேதி, தொகை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். எண் பொருந்தினால்தான் பணம். அதோடு விடமாட்டார்கள். பின்னாலேயே தபாலில் ‘கன்ஃபர்மேஷன்’ வரும். அது இரண்டு மூன்று நாளில் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டுக் கடிதம் போகும்.

ஆக, பணம் கொடுக்கச் சொல்லும் தகவல் ஒரு வழியாக வரும். அது சரிதான் என்ற உறுதி இன்னொரு வழியாக வரும். இரண்டு வழியையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் மறிப்பது கஷ்டம்.

மூன்றாவது காவல் ஒன்றும் இருந்தது. அதுதான் சாயங்கால டேலி. அன்றைய வவுச்சர்கள், டே புக், லெட்ஜர், கையில் உள்ள ரொக்கம் எல்லாம் ஒன்றுக்கொன்று நேராக வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் பத்துக் காசு வித்தியாசம் வந்தாலும் கிளையே உட்கார்ந்திருக்கும். வீட்டில் இருந்து ஆள் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ‘என் கையில் இருந்து பத்துக் காசு போட்டுவிடுகிறேன், வீட்டுக்குப் போகலாம்’ என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் யாராவது சொன்னால் ஹெட் கிளார்க்குக்குக் கோபம் வரும். பத்துக் காசு வித்தியாசம் என்பது ஆயிரம் ரூபாய் வரவில் ஒரு தப்பும், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்த் தொண்ணூறு காசு செலவில் இன்னொரு தப்புமாக இருக்கலாம் என்பார். அது வெறும் பிடிவாதம் என்று அப்போது பலர் முணுமுணுத்ததுண்டு.

சர்வர் ஊரை விட்டுப் போன கதை

வங்கிகளில் கம்ப்யூட்டர் சுலபமாக நுழையவில்லை. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் முதல் அறிக்கையைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லைக்கூடப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் வந்த இயந்திரத்துக்கு ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’ என்று பெயர்.

பிறகு 90-களில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சர்வர் வந்தது. கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜர் அறையில்கூட மின்விசிறிதான்; சர்வருக்கு ஏ.சி.! அப்போது சர்வர் டவுன் என்றால் அது நம் கண்ணெதிரே டவுன் ஆகும். யு.பி.எஸ். கத்தும், எல்லோருக்கும் காரணம் தெரியும்.

2000-க்குப் பிறகு வந்ததுதான் கோர் பேங்கிங், சுருக்கமாக சி.பி.எஸ். எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே டேட்டாபேஸில், ஒரே இடத்தில். கும்பகோணத்து வங்கியும் டி.சி.எஸ். நிறுவனத்தின் மென்பொருளோடு இதற்கு மாறியது. மற்ற வங்கிகளும் ஒவ்வொன்றாக மாறின. வலங்கைமான் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் வாரணாசியில் பணம் எடுக்கலாம் என்ற வசதி அப்போதுதான் வந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை, சர்வர் ஊரை விட்டுப் போனது. கிளையில் மிச்சம் இருப்பது திரையும் விசைப்பலகையும் ஒரு கம்பியும்தான். கணக்கு இருப்பது எங்கோ ஒரு பெருநகரத்து டேட்டா சென்டரில். நடுவில் பி.எஸ்.என்.எல். லீஸ்டு லைன், மொட்டை மாடியில் விசாட் தட்டு. ரோடு போடும் ஜே.சி.பி. ஒரு தரம் மண்வாரியைப் போட்டால் லைன் போச்சு. கார்த்திகையில் மழை கனத்தால் தட்டுக்கும் தடுமாற்றம்.

வாய்க்காலோடு நடந்து பார்ப்பது

இணைப்பு விட்டுப்போனால் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிளைக்கு வந்த சிஸ்டம்ஸ் பையன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் ஊர் பாஷையில் சொல்கிறேன்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேராவூரணிப் பக்கத்து விவசாயி என்ன செய்வார்? முதலில் பக்கத்து வயலைப் பார்ப்பார். அவருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்றால் கோளாறு என் மடையில். யாருக்கும் வரவில்லை என்றால் வாய்க்காலோடு மேலே நடப்பார். ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, கரை உடைந்திருக்கிறதா, மதகு மூடியிருக்கிறதா, முறை மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போய் லஸ்கரைக் கேட்பார். கடைசியில் கல்லணையில் புது ஆற்றுக்குத் திறந்திருக்கிறார்களா, மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்களா என்பது வரை போகும்.

டேட்டாபேஸ் இணைப்பும் அப்படித்தான். திரையில் வரும் ஆங்கில வாசகத்தைப் படித்தால், நாம் எவ்வளவு தூரம் போய் நின்றோம் என்பது தெரியும்.

‘டைம் அவுட்’ என்று வந்தால், கூப்பிட்டோம், பதிலே இல்லை என்று பொருள். பெரும்பாலும் வழியில் கோளாறு. லைன் போயிருக்கும், அல்லது எதிர்முனையில் கரண்ட் இல்லை.

‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால் வழி நன்றாக இருக்கிறது. அந்த வீட்டு வாசல் வரை போய்விட்டோம். ஆனால் நாம் தட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. இயந்திரம் ஓடுகிறது, டேட்டாபேஸ் மென்பொருள் ஓடவில்லை.

‘லாகின் ஃபெயில்டு’ என்றால் கதவு திறந்தது, உள்ளே இருப்பவர் ‘நீங்கள் யார்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்கும். பத்து நாள் லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமைகளில் இது சகஜம்.

‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்றால் கூடம் நிறைந்துவிட்டது. மாத முதல் தேதி பென்ஷன் கூட்டம் போல, ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் உள்ளே என்ற கணக்கு முடிந்துவிட்டது. சிலர் வேலை முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதும் காரணமாக இருக்கும். கம்ப்யூட்டரிலும் அப்படி உட்கார்ந்துவிடும் இணைப்புகள் உண்டு.

இந்த நான்கையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான்கையும் சேர்த்து ‘சர்வர் டவுன்’ என்று சொல்லிவிடுவதுதான் நம் வழக்கம்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. வாய்க்காலில் அடைப்பு இல்லை, கரை உடையவில்லை, மேட்டூரிலும் தண்ணீர் இருக்கிறது. ராத்திரியில் யாரோ வந்து மதகுப் பலகையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வயலில் நின்று பார்ப்பவனுக்கு இதற்கும் மற்ற கோளாறுக்கும் வித்தியாசம் தெரியாது. கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையைக் கடந்தபோது நாகை, வேதாரண்யம், பட்டுக்கோட்டை வட்டாரத்தில் கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து, ஏ.டி.எம்., செல்போன் கோபுரம் எல்லாம் ஊமையாகின. அதற்குக் காரணம் கேட்க வேண்டிய தேவையே இல்லை, தெருவிலேயே கிடந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்தது வேறு மாதிரி.

டாக்காவில் ஒரு பிரின்டர்

அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்துவது ஸ்விஃப்ட் என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பு. 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. இந்திய வங்கிகள் 1991-இல் இதில் சேர்ந்தன. இது பணத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்’ என்ற செய்தியை மட்டும் கொண்டுபோகும். பழைய தந்தி, கோடு புத்தகம் இரண்டையும் சேர்த்துச் செய்த நவீன வடிவம் என்று சொல்லலாம். அனுப்பிய செய்திக்கும் வந்த செய்திக்கும் பிரின்டரில் காகிதம் அடித்து வந்துகொண்டே இருக்கும்.

2016 பிப்ரவரி 4-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, வங்கதேச மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் கணினிக்குள் திருடர்கள் புகுந்தார்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அந்த வங்கியின் பணத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லி 35 செய்திகள் அனுப்பினார்கள். மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. வேலைக்கு வந்த ஒன்றிரண்டு பேர் பிரின்டர் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். இயந்திரம் மக்கர் செய்கிறது, வழக்கமான கோளாறுதான் என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் அதைச் சரிசெய்தபோது, ‘இத்தனை பணம் கேட்டிருக்கிறீர்களே, சரிதானா?’ என்று நியூயார்க்கில் இருந்து வந்திருந்த விசாரணைகள் அடித்து விழுந்தன. அதற்குள் அமெரிக்காவில் சனி, ஞாயிறு விடுமுறை ஆரம்பித்துவிட்டது.

பெரும்பகுதிப் பணம் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டது. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது; அதில் பெரும்பாலானது சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அமைப்பின் பெயருக்குப் போயிற்று. அந்தப் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் திருடர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள். வழியில் இருந்த வங்கிக்காரர்கள் சந்தேகப்பட்டுக் கேட்டார்கள். அந்தப் பணம் திரும்பி வந்தது. நம் ஹெட் கிளார்க் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அந்த ஏப்ரலில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி, ஸ்விஃப்ட் மென்பொருள் தன் டேட்டாபேஸோடு பேசும்போது ஒரு சோதனை செய்யும். ‘எல்லாம் சரியாக இருக்கிறதா?’ என்ற அந்தச் சோதனை தோற்றாலும் தேறியதாகக் காட்டும்படி நிரலில் இரண்டே இரண்டு பைட்டைத் திருடர்கள் மாற்றியிருந்தார்கள். இரண்டு எழுத்தை மாற்றுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டேட்டாபேஸில் தங்கள் செய்திகளின் தடயத்தை அழிக்க முடிந்தது. பிரின்டருக்குப் போகும் காகிதத்திலும் கை வைக்க முடிந்தது. டேட்டாபேஸில் அழித்துவிட்டாலும் காகிதம் மிச்சம் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2018 பிப்ரவரி 6

இரண்டு வருடம் கழித்து, ஏறக்குறைய அதே தேதியில், அது கும்பகோணத்து வங்கிக்கு வந்தது. 2018 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஸ்விஃப்டோடு இணைந்த பிரின்டர் செயலிழக்கச் செய்யப்பட்டது. அனுப்பிய செய்திகளுக்கான ஒப்புகை எதுவும் காகிதத்தில் வரவில்லை. முதலில் அது நெட்வொர்க் கோளாறாகத்தான் பார்க்கப்பட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வாரத்தில் நான்கு முறை பிரின்டரோ லைனோ படுத்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்களுக்கு, இணைப்பு விட்டால் திருடன் என்று தோன்றாது. திருடர்கள் கணக்குப் போட்டதும் அந்தச் சலிப்பை நம்பித்தான்.

மறுநாள் 7-ஆம் தேதி, முந்தைய நாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வங்கி பாஷையில் ரீகன்சிலியேஷன். நம் பழைய பாஷையில் டேலி. வெளிநாட்டு வங்கிகளில் இருக்கும் தங்கள் கணக்கில் இருந்து போனதாகத் தெரியும் தொகைக்கும், தாங்கள் அனுப்பச் சொன்ன தொகைக்கும் பொருந்தவில்லை. வங்கி அனுப்பாத மூன்று பட்டுவாடாக்கள் போயிருந்தன.

ஒன்று, நியூயார்க் வழியாகத் துபாய் வங்கி ஒன்றுக்கு 5 லட்சம் டாலர். இரண்டாவது, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் வழியாகத் துருக்கிக் கணக்கு ஒன்றுக்கு 3 லட்சம் யூரோ. மூன்றாவது, நியூயார்க் வழியாகச் சீன வங்கி ஒன்றுக்கு 10 லட்சம் டாலர். கூட்டினால் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 கோடி ரூபாய்.

உடனே அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போன பணம் உடனடியாக நிறுத்தப்பட்டுத் திரும்பியது. துருக்கிக்குப் போனது அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனதுதான் சிக்கலானது. வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த என். காமகோடி, இது பல நாடுகளில் பரவிய சதி என்றும், தங்கள் ஊழியர்களுக்கு இதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் விளக்கினார்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். பிரின்டரைச் சரிசெய்ததால் திருட்டு தெரியவில்லை. நெட்வொர்க்கைச் சரிசெய்ததாலும் தெரியவில்லை. இணைப்பு மீண்டும் வந்தபின், ‘அது விட்டுப்போயிருந்த நேரத்தில் என்ன நடந்தது?’ என்று கணக்கைக் கணக்கோடு வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. ஒரே நாளில் பார்த்ததால்தான் பணத்தைத் துரத்திப் பிடிக்க முடிந்தது. ஒரு வாரம் விட்டிருந்தால் துபாய்ப் பணமும் துருக்கிப் பணமும் எந்த ஊரில் இருந்திருக்குமோ!

எதிர்மறை உதாரணம் அதே மாதத்திலேயே வந்தது. பிப்ரவரி 14-ஆம் தேதி பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பைக் கிளை ஒன்றில் 11,400 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்ததாக அறிவித்தது. அங்கே வெளியாட்கள் கணினிக்குள் புகவில்லை. ஸ்விஃப்டில் போன உத்தரவாதச் செய்திகள் கோர் பேங்கிங் கணக்கில் பதிவாகவே இல்லை. இரண்டுக்கும் இணைப்பே கிடையாது. வருடக்கணக்காக யாரும் ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்க்கவில்லை. கும்பகோணத்து வங்கிக்கு ஒரு நாள். அங்கே பல வருடங்கள். 2016 ஆகஸ்டில் இருந்து மூன்று முறையாவது ஸ்விஃப்ட் பற்றி வங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி அப்போது அறிவித்தது. பிறகு இரண்டையும் இணைத்தே தீர வேண்டும் என்று கெடு வைத்தது.

நம் கையில் உள்ள பிரின்டர்

தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. கோடு புத்தகமும் தபாலில் வரும் கன்ஃபர்மேஷனும் போய்விட்டன. ஆனால் நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரின்டர் இருக்கிறது. பணம் எடுத்தாலும் போட்டாலும் செல்போனில் வரும் குறுஞ்செய்திதான் அது. அதை நிறுத்தினால் திருடன் வேலை சுலபம். நம் பெயரில் போலி ஆவணம் கொடுத்து வேறொரு சிம் வாங்கிவிட்டால் நம் போனில் சிக்னல் போய்விடும். செய்தியும் ஓ.டி.பி.யும் அவன் கைக்குப் போகும். நாமோ ‘டவர் இல்லை போலிருக்கு’ என்று போனை மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவோம்.

அதனால் என் வயதுக்காரர்களுக்குச் சில யோசனைகள்.

வீட்டில் மற்றவர் போனில் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் இல்லை என்றால், பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். செல்போன் கம்பெனியை அன்றைக்கே கேளுங்கள். வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வழக்கமாக வரும் செய்தி வரவில்லை என்றால், வந்த செய்தியைவிட அதைக் கவனியுங்கள். பென்ஷன் ஏறியதும் வரும் குறுஞ்செய்தி இந்த மாதம் ஏன் வரவில்லை என்று பாருங்கள்.

மாதம் ஒரு முறையாவது பாஸ்புக்கைப் பதிந்து, பென்சிலால் டிக் அடித்துப் பாருங்கள். ‘சர்வர் டவுன்’ என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் கட்டாயம் போய்ப் பதியுங்கள்.

நீங்கள் செய்யாத பட்டுவாடா தெரிந்தால் உடனே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவுப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, மூன்றாம் ஆள் செய்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. நாள் தள்ளத் தள்ள உங்கள் பங்கு கூடும். ஓ.டி.பி.யை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்களுடையதுதான்.

பத்துக் காசுக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்காரவைத்த அந்த ஹெட் கிளார்க்குகளில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களிடம் வேலை கற்றவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பேரன் பேத்திகளுக்குச் செல்போனில் பணம் அனுப்பத் தெரியும். அனுப்பிய பிறகு கணக்கைச் சரிபார்க்கும் வழக்கத்தை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.